தங்குவதற்கு ஓர் இடம்



கடந்த மாதம் கொழும்பிலுள்ள தங்கை வீட்டுக்குப் போவதற்காக மட்டக்களப்பு பஸ் நிலையத்தில் இரவு பஸ்ஸுக்குக் காத்திருந்தேன். பக்கத்துக் கதிரையில் ஓர் இளம் தாய். மடியில் நான்கு வயது மதிக்கத்தக்க பெண்பிள்ளை, முகத்தை மூடிக் கவசம் கட்டியபடி தூங்கிக்கொண்டிருந்தது. காலடியில் ஒரு பயணப் பை, சுருட்டிய பாய், சுடுதண்ணீர்ப் போத்தல். கையில் இறுக்கிப் பிடித்திருந்த பெரிய கடித உறை.

அந்தப் பாயையும் உறையையும் பார்த்ததுமே எனக்கு விளங்கிவிட்டது.

“மகரகமைக்கா தங்கச்சி?” என்று கேட்டேன்.

“ஓம் அக்கா” என்றவள், எனக்கும் அந்த இடம் பழக்கம் என்று அறிந்ததும் கேட்ட முதல் கேள்வி, “பிள்ளைக்குச் சுகம் வருமா?” என்பதல்ல.

“அங்க தங்குறதுக்கு இடம் கிடைக்குமா அக்கா? மருந்துக்குக் காசில்லையாம். பிள்ளைக்குக் கட்டிலும் குடுப்பாங்களாம். வாட்டால துண்டு வெட்டி விட்டா நாங்க எங்க போறது?”

இந்தப் பக்கத்தில் நான் எத்தனையோ விடயங்களை உங்களோடு பேசியிருக்கிறேன். என் வீட்டில் நடந்த இந்தக் கதையை மட்டும் இதுவரை எழுதவில்லை. குறை சொல்வதற்கு வார்த்தைகள் தாமாக வந்துவிடும். நன்றி சொல்ல உட்கார்ந்தால், எங்கே தொடங்குவது என்று தெரியாமல் பேனா நின்றுவிடுகிறது. அந்தத் தங்கச்சியின் கேள்விதான் இன்று என்னை எழுத வைத்தது. ஏனென்றால், ஏறக்குறைய பத்து வருடங்களுக்கு முன்னர் நானும் அதே கேள்வியோடுதான் அங்கே போய் இறங்கினேன்.

தைக்கப்பட்ட சீருடை

2016ஆம் ஆண்டு தை மாதம். என் மகன் முதலாம் வகுப்புக்குப் போகவிருந்தான். வெள்ளைச் சேர்ட்டும் நீலக் காற்சட்டையும் தைத்து, மடித்து அலுமாரியில் வைத்திருந்தேன். மார்கழியிலிருந்தே பிள்ளைக்கு விட்டுவிட்டுக் காய்ச்சல். முகம் வெளிறிப்போயிற்று. ஓடி விளையாடுகிறவன் கால் நோகிறது என்று தூக்கச் சொன்னான். கால்களில் அங்கங்கே நீலமாய்க் கண்டல்கள். “விழுந்தாயா மனே?” என்று கேட்டால், “இல்லம்மா” என்பான். நான் நம்பவில்லை. விளையாட்டில் விழுந்துவிட்டு மறைக்கிறான் என்று ஏசியும் இருக்கிறேன். அந்த ஏச்சு இன்றும் என் நெஞ்சில் முள்ளாகக் கிடக்கிறது.

இரத்தம் சோதித்த வைத்தியர் எங்களை இருக்கச் சொல்லி, கதவைச் சாத்திவிட்டுத்தான் பேசினார். லியுகேமியா, அதாவது குருதிப் புற்றுநோய் என்ற சந்தேகம். என்பு மச்சையைச் சோதித்துப் பார்க்க வேண்டும். உடனே மகரகம அபேக்ஷா வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும்.

என் கணவர் மேசன் வேலை செய்பவர். அன்று கையிலிருந்த காசோடும் அயலவர்கள் தந்த காசோடும் இரவு பஸ் ஏறினோம். ஒன்பது வயது மூத்த மகளை என் அம்மாவிடம் விட்டுவிட்டு, “ரெண்டு மூணு நாளில வந்திருவன்” என்று சொல்லிப் போனேன். திரும்பி வர நாற்பது நாளுக்கு மேல் ஆனது.

தாதி வரைந்த சூரியன்

எனக்குச் சிங்களம் தெரியாது. பஸ்ஸில் இடம் கேட்கவும் விலை கேட்கவும் போதுமான நாலு வார்த்தைதான் தெரியும். அதை வைத்துக்கொண்டு பிள்ளையின் உயிரைப் பற்றிப் பேச முடியுமா? வாட்டில் எல்லோரும் என்னைச் சுற்றி ஏதோ சொல்கிறார்கள், எனக்கு மட்டும் விளங்கவில்லை என்ற பயம், நோயைவிடப் பெரிய பயமாக இருந்தது.

இரண்டாம் நாள் ஒரு தாதி குளிசைப் பைகளோடு என் அருகில் வந்து அமர்ந்தார். ஒரு பையில் பேனாவால் சூரியன் வரைந்தார். இன்னொன்றில் பிறை நிலா. மூன்றாவதில் சூரியன், நிலா இரண்டும். ஒவ்வொன்றின் கீழும் குளிசையின் எண்ணிக்கைக்கு வட்டங்கள். பிறகு என் கையைப் பிடித்து, “பயவெண்ட எபா அம்மே” என்றார். பயப்பட வேண்டாம் என்பதற்கு அகராதி தேவைப்படவில்லை. அன்றிலிருந்து ஒரு வேளை மருந்துகூட நான் தவறவிடவில்லை.

சிற்றூழியர் ஒருவர் இருந்தார். முதுகில் ஊசி போடும் நாட்களில் பிள்ளைகளை அழைத்துப் போகிறவர். தமிழ்த் தாய்மாரிடம் கேட்டுக் கேட்டு, “தம்பி சாப்பிட்டாச்சா?”, “கொஞ்சம்தான் நோகும்” என்ற இரண்டு வசனங்களைப் பழகி வைத்திருந்தார். ‘நோகாது’ என்று அவர் ஒருநாளும் பொய் சொன்னதில்லை. அதனாலேயே என் மகன் அவரை நம்பினான். என் கையை விட்டுவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டு நடந்து போவான்.

ஒரு நாள் ஊரிலிருந்து வந்த உறவினர் ஒருவர் முந்திரிகைப் பழம் கொண்டு வந்தார். பிள்ளை ஆசைப்பட்டான், கொடுத்தேன். அதைக் கண்ட இன்னொரு தாதி எல்லோர் முன்னாலும் என்னை ஏசினார். எனக்கு அழுகையும் கோபமும் வந்தது. பக்கத்துக் கட்டில் தாய் பிறகுதான் விளக்கினார். அந்த மருந்துகள் நோய்க் கலங்களை அழிக்கும்போது, கிருமிகளோடு சண்டை பிடிக்கும் நல்ல வெண்குருதிக் கலங்களும் குறைந்துவிடும். அந்த நேரத்தில் சரியாகக் கழுவாத பழத்திலுள்ள கிருமிகூடப் பிள்ளையைச் சாய்த்துவிடலாம். அன்று பிற்பகல் மூன்று மணிக்கு அதே தாதி நின்ற நிலையில் ஒரு துண்டு பாணைத் தேநீரில் தோய்த்துச் சாப்பிடுவதைக் கண்டேன். அதுதான் அவருடைய மத்தியானச் சாப்பாடு. என் கோபம் அந்த இடத்திலேயே கரைந்து போனது.

முகம் தெரியாத சிலருக்கும் நான் கடமைப்பட்டவள். என் மகனுக்கு எத்தனை முறை இரத்தமும் குருதிச் சிறுதட்டுக்களும் ஏற்றினார்கள் என்று எனக்குக் கணக்கில்லை. அந்தப் பைகளில் பெயர் இல்லை. எந்த ஊரார், எந்தச் சமயத்தவர் என்றும் இல்லை. காசு வாங்காமல், யாருக்கென்று அறியாமல் கொடுத்தவர்களின் இரத்தம் என் பிள்ளையின் உடம்பில் ஓடியது.

மருந்து இலவசம், மற்றதெல்லாம்?

எங்கள் நாட்டின் அரச வைத்தியசாலைகளில் வைத்தியம் இலவசம். அதன் பெறுமதியை நோய் வரும்போதுதான் உணர்கிறோம். இரண்டு, மூன்று வருடங்கள் நீளும் இந்தச் சிகிச்சையைக் காசு கொடுத்துச் செய்வதென்றால், எங்கள் வீட்டை விற்றாலும் போதாது.

ஆனால், சகோதரிகளே, பிள்ளை எந்நேரமும் வாட்டிலேயே இருப்பதில்லை. ஓர் ஊசி போட்டபின் நிலைமை பரவாயில்லையென்றால் துண்டு வெட்டி விடுவார்கள். அந்தக் கட்டிலுக்கு வேறொரு பிள்ளை காத்திருக்கும். மூன்று நாளில் இரத்தம் சோதிக்க வரவேண்டும், ஐந்தாம் நாள் அடுத்த ஊசி. பக்கத்து ஊர்க்காரர் வீட்டுக்குப் போய் வருவார்கள். களுவாஞ்சிக்குடிப் பக்கத்திலிருந்து வந்த நான் எங்கே போவது? சனம் நெரியும் பஸ்ஸில், எதிர்ப்புச் சக்தி இல்லாத பிள்ளையை இரவிரவாகக் கொண்டுபோய்க் கொண்டுவரவும் முடியாது.

ஒரு அறையை வாடகைக்கு எடுத்தோம். ஒரு நாளுக்கு 800 ரூபா. கணவரின் அன்றாடக் கூலியில் பெரும்பகுதி அது. அதையும் சமாளித்தோம். பிள்ளையின் முடி கொட்டத் தொடங்கியதும் வீட்டுக்காரர் கணவரைத் தனியே கூப்பிட்டு, “மற்ற அறைக்காரர் பயப்படுகிறார்கள், வேறு இடம் பாருங்கள்” என்றார். புற்றுநோய் தொற்று நோயல்ல. தொட்டாலோ, ஒரு கோப்பையில் குடித்தாலோ வருவதல்ல. அதை அவருக்கு எடுத்துச் சொல்ல எங்களிடம் மொழியும் இல்லை, பலமும் இல்லை.

அதே கிழமைதான் நல்ல செய்தியும் வந்தது. முதற்கட்டச் சிகிச்சைக்குப் பிறகு என்பு மச்சையைச் சோதித்ததில் நோய்க் கலங்கள் தென்படவில்லை. கணவர் தொலைபேசியில், “சுகமாகிற்றுதானே, இனி வீட்டுக்கு வாங்க. மிச்சத்தை ஊரில பாப்பம்” என்றார். அன்று இரவு மூத்த மகள் பேசினாள். சாப்பிட்டாயா, படித்தாயா என்று நான் கேட்டுக்கொண்டிருக்க, அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்.

“நீங்க தம்பிக்கு மட்டுந்தானா அம்மா?”

நான் பையைக் கட்டிவிட்டேன். இதை ஒளிக்காமல் எழுதுகிறேன். மறுநாள் கிளினிக் முடிந்ததும் பஸ் ஏறுவதென்று முடிவு செய்துவிட்டேன்.

பையோடு என்னைக் கண்டது, சூரியனும் நிலாவும் வரைந்த அந்தத் தாதிதான். எங்கே என்று கேட்டார். தெரிந்த சிங்களத்தில் ‘வீடு’ என்றேன், ‘காசு இல்லை’ என்றேன், ‘தங்க இடமில்லை’ என்றேன். அவர் என்னை இருக்க வைத்துவிட்டுப் போய், தமிழ் தெரிந்த ஓர் இளம் வைத்தியரை அழைத்து வந்தார். அந்த வைத்தியர் நிதானமாக விளக்கினார். நோய்க் கலங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை என்பதால் அவை இல்லை என்றாகாது. இப்போது நிறுத்தினால் நோய் திரும்பி வரும். திரும்பி வந்தால் மாற்றுவது இதைவிடக் கடினம்.

நான் வயற்காரர் வீட்டுப் பிள்ளை. கோரைப் புல்லை மேலால் வெட்டினால் வயல் துப்புரவாகத்தான் தெரியும். கிழங்கு மண்ணுக்குள் இருக்கும். ஒரு மழைக்கு முளைத்துவிடும். அந்த விளக்கம் எனக்குப் போதுமாயிருந்தது. ஆனால் விளங்கிக்கொண்டால் மட்டும் தலைக்கு மேல் கூரை வந்துவிடுமா?

தாதி தன்னுடைய கைத்தொலைபேசியில் யாருடனோ பேசினார். பிறகு ஒரு குளிசைப் பையின் பின்புறத்தில் ஒரு விலாசத்தை எழுதி என் கையில் வைத்தார்.

அந்த வீடு

வைத்தியசாலையிலிருந்து முச்சக்கரவண்டியில் பத்து நிமிடம்கூட இல்லை. ஒரு நலன்புரிச் சங்கத்தார் நடத்தும் சாதாரண வீடு. பெயர் வெளியே வர வேண்டாம் என்பது அவர்களின் விருப்பம், ஆகவே எழுதவில்லை. நான்கு அறைகள், பொதுவான குசினி, கிணறு, துணி காயப்போட நீளமான கொடி. வாடகை இல்லை. முடிந்தவர்கள் போகும்போது உண்டியலில் போடலாம். போடாவிட்டாலும் யாரும் கேட்பதில்லை. சட்டங்கள் மட்டும் கடுமை. வெளியிலிருந்து வந்தால் கை கால் கழுவாமல் உள்ளே வரக்கூடாது. தண்ணீர் கொதிக்க வைத்தே குடிக்க வேண்டும். தடிமன், காய்ச்சல் உள்ள விருந்தினருக்கு வாசலோடு சரி.

பொறுப்பாக இருந்தவர் அறுபது வயது தாண்டிய ஒரு சிங்கள அம்மா. எல்லோருக்கும் அவர் ‘லொக்கு அம்மா’, பெரியம்மா. நான் போன அன்று ஏதும் கேட்கவில்லை. பிள்ளையை வாங்கிப் படுக்க வைத்துவிட்டு, ஒரு கோப்பை தேநீரும் ஒரு வாளி சுடுநீரும் தந்து, குளித்துவிட்டு வரச் சொன்னார். நாற்பது நாளாக அவசரமாய் உடம்பை நனைத்துக்கொண்டிருந்தவள், அன்றுதான் குளித்தேன். குளியலறையில் நின்று வாய்விட்டு அழுதேன். வெளியில் வந்தபோது என் பை பிரிக்கப்பட்டு, துணிகள் ஒரு தட்டில் அடுக்கப்பட்டிருந்தன. ‘நீ இனி இங்கேதான்’ என்று சொல்வதற்கு அவருக்கும் மொழி தேவைப்படவில்லை.

அந்தக் குசினியைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். இந்த நோய்க்குக் கொடுக்கும் ஒருவகை மருந்து, பிள்ளைகளுக்கு அடங்காத பசியைத் தரும். முகம் ஊதிவிடும். இரவு ஒரு மணிக்கு எழும்பி இடியப்பமும் சொதியும் கேட்பான் என் மகன். வாடகை அறையில் எங்கே போவேன்? இங்கே அடுப்பு இருந்தது. கிண்ணியாவிலிருந்து வந்த ஒரு முஸ்லிம் தாய் இரவில் மா குழைத்து வைத்துவிட்டுப் படுப்பார். என் மகன் சாப்பிட ஆசைப்பட்ட நேரத்தில் நான் ஊசி வலியில் அழுத அவருடைய மகளைத் தூக்கி உலாத்துவேன். மலையகத்திலிருந்து வந்த ஒரு தாய் கீரை ஆய்ந்து தருவார். யார் பிள்ளை, யார் அரிசி என்ற கணக்கு அங்கே இருக்கவில்லை. யாருடைய பிள்ளைக்கு இன்று இரத்த எண்ணிக்கை எவ்வளவு என்ற கணக்கு மட்டும் எல்லோருக்கும் மனப்பாடம்.

மொனராகலையிலிருந்து வந்த ஓர் அக்காவின் பாய் என் பாய்க்குப் பக்கத்தில் இருந்தது. அவருடைய மகளுக்கு ஏழு வயது. அவர்தான் எனக்குச் சிங்களம் படிப்பித்தவர். ஒரு நாள் காலையில் பிள்ளையோடு வைத்தியசாலைக்குப் போனவர், நாலு நாள் கழித்துத் தனியாகத் திரும்பி வந்தார். லொக்கு அம்மா அவரைக் கதிரையில் இருத்தி, தலையைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். நாங்கள் யாரும் பேசவில்லை. புறப்படுமுன் அந்த அக்கா மிச்சமிருந்த அரிசியையும் பால்மாவையும் குசினியில் வைத்தார். தன்னிடமிருந்த வெப்பமானியை என் கையில் தந்தார். ‘உனக்குத் தேவைப்படும்’ என்றார். தன் பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாய், அந்த நேரத்தில் என் பிள்ளையை நினைத்தார்.

இரவு இரண்டு மணி

மூன்று கிழமைக்குப் பிறகு ஓர் இரவு, தூக்கத்தில் மகனின் கால் என்மேல் பட்டது. சுட்டது. வெப்பமானியை வைத்துப் பார்த்தேன். 38.4 பாகை செல்சியஸ்.

ஊரில் என்றால் என்ன செய்வோம்? பனடோல் கொடுத்து, நெற்றியில் ஈரத்துணி போட்டு, விடியட்டும் என்று இருப்போம். ஆனால் வாட்டில் எங்களுக்கு ஓதி ஓதிச் சொல்லியிருந்தார்கள். இந்தச் சிகிச்சையில் இருக்கும் பிள்ளைக்கு 38 பாகை, அதாவது பரனைற்றில் 100.4 கண்டால், அது அவசர நிலை. பனடோல் கொடுத்துக் காய்ச்சலை மறைத்துக்கொண்டு இருக்காமல் உடனே கொண்டுவர வேண்டும். லொக்கு அம்மாவைத் தட்டி எழுப்பினேன். சந்தியிலிருந்த முச்சக்கரவண்டிக்காரத் தம்பி அவருடைய ஒரு அழைப்புக்கு வந்தார். இரவுக் கடமையிலிருந்த தாதி பிள்ளையைக் கண்டதும் எழுந்து ஓடி வந்தார். அரை மணித்தியாலத்துக்குள் இரத்தம் எடுத்து, நோயெதிர்ப்பு மருந்து ஏற்றத் தொடங்கிவிட்டார்கள்.

காலையில் வைத்தியர் சொன்னார்: “அம்மா, கிருமி இரத்தத்தில் கலந்திருக்கிறது. நேரத்தோடு கொண்டுவந்ததால்தான் தப்பினான். சில மணித்தியாலம் பிந்தியிருந்தால் எங்களால் ஒன்றும் செய்ய முடியாமல் போயிருக்கலாம்.”

நான் கணக்குப் பார்த்தேன். அன்று பையைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போயிருந்தால், எங்கள் வீட்டுக்கும் அந்த வாட்டுக்கும் இடையில் முந்நூறு கிலோமீற்றருக்கு மேல். அந்த இரவில் என் பிள்ளையைக் காப்பாற்றியது மருந்து மட்டுமல்ல. ஒரு வெப்பமானியும், பத்து நிமிடத் தூரத்தில் ஒரு பாயும்தான்.

பெரிய கணக்கு

இது என் ஒருத்தியின் கதை அல்ல என்பதைப் பிற்காலத்தில் வாசித்து அறிந்தேன். உலகில் ஒவ்வோர் ஆண்டும் 19 வயது வரையான ஏறக்குறைய 4 இலட்சம் பிள்ளைகளுக்குப் புற்றுநோய் வருவதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. வசதி படைத்த நாடுகளில் அவர்களில் 80 வீதத்துக்கு மேற்பட்டோர் சுகமாகிறார்கள். வறிய நாடுகள் பலவற்றில் 30 வீதம்கூட இல்லை. பிந்திக் கண்டுபிடிப்பது, மருந்து கிடைக்காதது ஆகியவற்றோடு அந்த நிறுவனம் சொல்லும் இன்னொரு காரணம், சிகிச்சையை இடையில் கைவிடுவது. எங்கோ இருப்பவர்கள் அதை ஒரு சொல்லில் சொல்லிவிடுகிறார்கள். அந்தச் சொல்லின் பின்னால் கட்டப்பட்ட ஒரு பையும், ‘நீங்க தம்பிக்கு மட்டுந்தானா’ என்று கேட்கும் ஒரு பிள்ளையும் இருப்பது எனக்குத் தெரியும். இந்த நிலையை மாற்ற 2018ஆம் ஆண்டு உலக சுகாதார நிறுவனம் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. 2030ஆம் ஆண்டுக்குள் இந்தப் பிள்ளைகளில் 60 வீதத்தினரையாவது வாழவைப்பது அதன் இலக்கு.

அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில், ஓட்றி எவன்ஸ் என்ற பெண் வைத்தியர் சிறுவர் புற்றுநோய்க்குச் சிகிச்சை அளித்து வந்தார். பிள்ளைகளின் பெற்றோர் வைத்தியசாலைக் கதிரைகளில் தூங்குவதைக் கண்டு, அவர்களுக்கு ஒரு வீடு வேண்டும் என்று விரும்பினார். அதே நகரில் பிரெட் ஹில் என்ற விளையாட்டு வீரரின் மகளுக்கும் குருதிப் புற்றுநோய் வந்திருந்தது. அவரும் அவருடைய குழுவினரும் பணம் திரட்டினார்கள். மக்டொனால்ட்ஸ் உணவகத்தாரும் சேர்ந்துகொண்டார்கள். 1974ஆம் ஆண்டு முதலாவது வீடு திறக்கப்பட்டது. இன்று அந்தப் பணி 60க்கு மேற்பட்ட நாடுகளில் நடக்கிறது. வசதியுள்ள நாட்டுத் தாய்க்கும் பிள்ளையின் பக்கத்தில் ஓர் இடம் தேவைப்பட்டிருக்கிறது என்றால், எங்களுக்கு எவ்வளவு தேவை!

திருப்பிக் கொடுக்க முடியாத கடன்

கடுமையான சிகிச்சை முடிந்தபின் வீட்டிலிருந்தே குளிசை கொடுக்கும் காலம் வந்தது. இரவில் ஒன்று, கிழமைக்கு ஒருமுறை இன்னொன்று, மாதத்துக்கு ஒரு கிளினிக். ஒவ்வொரு கிளினிக்குக்கும் முதல்நாள் இரவு அந்த வீட்டில்தான் தங்கினோம். பாடசாலை விடுமுறையில் மூத்த மகளையும் கூட்டிப் போனேன். அங்கிருந்த பிள்ளைகளைக் கண்டபின் அவள் அந்தக் கேள்வியை மறுபடி கேட்கவில்லை. கேட்காவிட்டாலும், அவளுக்கு நான் கொடுக்கத் தவறிய அந்த நாட்களை மறக்கமாட்டேன். அவளைத் தன் மகளாய்ப் பார்த்த என் அம்மாவுக்கும், பின்னேரங்களில் கூப்பிட்டுப் பாடம் சொல்லிக் கொடுத்த அடுத்த வீட்டு ரீச்சருக்கும் நான் நன்றி சொல்லியே ஆகவேண்டும். வைத்தியசாலையில் நின்றவர்கள் மட்டுமா என் மகனைக் காப்பாற்றினார்கள்?

2017 தை மாதம், ஒரு வருடம் பிந்தி, மகன் முதலாம் வகுப்புக்குப் போனான். அலுமாரியில் இருந்த அதே சீருடைதான். ஒரு வருடத்தில் பிள்ளை வளரவேயில்லை, அளவாக இருந்தது. 2018ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் கடைசிக் குளிசையையும் விழுங்கினான். இப்போது உயரத்தில் என்னை மிஞ்சிவிட்டான்.

சகோதரிகளே, உங்கள் ஊரிலும் ஒரு தாய் பாயோடு பஸ் ஏறக்கூடும். அவளுக்கு இதைச் சொல்லுங்கள். போன அன்றே தாதியரிடமோ வைத்தியசாலையின் சமூக சேவை உத்தியோகத்தரிடமோ தங்குமிடம் பற்றிக் கேட்கட்டும், வெட்கப்பட வேண்டாம். பையில் ஒரு வெப்பமானி இருக்கட்டும். பிள்ளை தேறியது போல் தெரிந்தாலும் வைத்தியர் சொல்லாமல் சிகிச்சையை நிறுத்த வேண்டாம். முடியாத நிலை வந்தால் ஓடிப்போகாமல், முடியவில்லை என்று வாயைத் திறந்து சொல்லட்டும். நான் அன்று சொன்னதால்தான் விலாசம் கிடைத்தது.

அவள் போனபின் உங்கள் வேலை தொடங்குகிறது. வீட்டிலிருக்கும் மற்றப் பிள்ளைக்கு ஒரு நேரச் சோறும், ஒரு மணி நேரத் துணையும் கொடுங்கள். இரத்ததான முகாம் நடந்தால், உடல்நலம் இடம் தரும் என்றால், போய்ப் படுங்கள். “தொற்றுமாமே” என்று சொல்பவர் வாயை அடையுங்கள். இப்படிப்பட்ட ஒரு வீடு உங்களுக்குத் தெரிந்தால் அரிசி, சவர்க்காரம், கட்டில் விரிப்பு எதுவானாலும் அனுப்புங்கள். வருடத்துக்கு ஒருமுறை போதும்.

பஸ் நிலையத்தில் சந்தித்த தங்கச்சியை நான் தனியே விடவில்லை. விடியற்காலையில் புறக்கோட்டையில் இறங்கி, 138ஆம் இலக்க பஸ்ஸில் அவளோடு மகரகமைக்குப் போனேன். பிள்ளையை வாட்டில் அனுமதித்தபின், அடுத்த முறைக்கு வழி தெரியட்டும் என்று அந்த வீட்டையும் அவளுடைய கணவருக்குக் காட்டினேன். லொக்கு அம்மா வயதாகித் தன் மகனிடம் போய்விட்டாராம். இப்போது வேறொருவர் பொறுப்பாக இருக்கிறார். அவரும் முதலில் தேநீர்தான் தந்தார்.

குசினிச் சுவரில் ஒரு பழைய பால்மாப் பேணி தொங்கியது. அதற்குள் ஏழெட்டு வெப்பமானிகள். சிகிச்சை முடித்துப் போகும் தாய்மார் விட்டுப் போனவை. மொனராகலை அக்காவின் வெப்பமானியை நானும் 2018இல் அந்த வீட்டிலேயே விட்டு வந்தேன். இவற்றில் எது அது என்று எனக்குத் தெரியவில்லை. பேணியிலிருந்து ஒன்றை எடுத்து, கழுவித் துடைத்து, அந்தத் தகப்பனிடம் கொடுத்தேன்.

அடுத்த மாதம் சந்திப்போம், சகோதரிகளே.